தொங்தாமின் பல்செட்டும் முப்பத்திரண்டு உயிர்களும்

உலகத்தில் இதுவரை பேசப்பட்ட பேச்சில் பாதியைத் தொங்தாம் பேசியிருக்கிறார். மீதிப் பாதியை மற்ற எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிறந்தபோது அவர் அழவில்லை, மருத்துவச்சியைப் பார்த்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். லாவோஸில் பத்து லட்சம் யானைகள் திரிந்த காலத்தில் அவர் இருந்திருந்தால் அத்தனை யானையும் காட்டை விட்டே போயிருக்கும். கெளுத்திக் குகையின் வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்குவது தூங்குவதற்காக அல்ல. அவர் சொல்வது இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கேட்கட்டும் என்றுதான்.

நாசொங் ஊர்த்தலைவர், குகை வாசலில் இருக்கும் சீட்டுக் கொட்டகையின் பலகையில் ஒட்ட, ஒவ்வொரு வழிகாட்டியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். "படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரணும்" என்றார். தொங்தாமின் வாய் ஒரு பக்கத்தில் அடங்காது. அதனால் இது கொஞ்சம் நீளம்.

முதலில் அவர் ஊர் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற வேலையில் இருந்தார். காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பிப்பார். "இன்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி" என்பதுதான் அறிவிப்பு. ஆனால் ஊசி என்ற பொருள் எப்படி வந்தது, தன் மாமியார் ஊசியைத் தொலைத்த கதை, அந்த ஊசி யார் காலில் ஏறியது, ஏறியவர் யார் மீது வழக்குப் போட்டார் என்று எல்லாம் சொல்லி முடிக்கும்போது ஊசி போட வந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ஊர்க்கூட்டம் கூடி யோசித்தது. குகைக்குள் என்ன பேசினாலும் வெளியே கேட்காது என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். பதினோரு வருஷமாக அவர் குகை வழிகாட்டி.

வேலை பெரிய வேலை இல்லை. மலையின் வயிற்றிலிருந்து ஓடை வருகிறது. வந்தவர்களை லாரி ட்யூபில் உட்காரவைத்து, தலையில் விளக்கு மாட்டி, குகைச் சுவரோரம் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி உள்ளே கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். எல்லா வழிகாட்டியும் செய்வதுதான். தொங்தாம் குழுவில் போகிறவர்கள் மட்டும் அலறிக்கொண்டு போய்ச் சிரித்துக்கொண்டு வருவார்கள். அதற்குக் காரணம் அவருடைய பல்.

அவருக்கு மேல்வரிசை முழுக்க பல்செட். சொந்தப் பல்லில் இரண்டை எருமை உதைத்தது. மூன்று, பீர் மூடியைப் பல்லால் திறந்து காட்டுகிறேன் என்று மூன்று திருவிழாவில் போனது. மீதி, கூட்டாளிகள் போன துக்கத்தில் தாமாகவே போயின. ஒன்பது வருஷத்துக்கு முன்பு, வழிகாட்டிகளுக்குப் பயிற்சி நடக்கிறது என்று சொல்லி மாகாணத் தலைநகருக்குப் பஸ் ஏறினார். மூன்றாம் நாள் பளபளவென்று சிரித்துக்கொண்டு இறங்கினார். "மலைத் தண்ணி குடிச்சேன், முளைச்சிடுச்சு" என்றார். ஊர் முழுக்க "அப்படியா, நல்ல தண்ணி" என்றது. ஊர் தன்னை நம்பிவிட்டது என்று அவர் நம்பினார். அவர் அப்படி நம்பட்டும் என்று ஊர் விட்டுவிட்டது.

குகையின் பாதித் தூரத்தில் ஒரு மணல் திட்டு உண்டு. அங்கே எல்லாரையும் ட்யூபிலிருந்து இறக்கி, விளக்கை அணைக்கச் சொல்வார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்கிற இருட்டு. அந்த இருட்டில், மலைக்கடியில் படுத்திருக்கும் படகு நீளக் கெளுத்தி மீனின் கதையைச் சொல்வார். "அதோட தாடைச் சத்தம் கேக்குதா?" என்பார். கேட்கும். டக், டக், டக். பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்து, கீழ்த்தாடைக்குப் பதில் ஒரு கூழாங்கல்லில் தட்டுவார். காதோரம் கேட்கும்போது பெரிய பெரிய ஆள்கள் எல்லாம் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு பல்லை அருகிலிருக்கும் பாறை விளிம்பில் வைத்துவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து ஒரு மிடறு இஞ்சித் தண்ணீர் குடித்து, மறுபடி எடுத்து இன்னொரு காதில் தட்டுவார். விளக்கு எரியும்போது பல் வாயில் இருக்கும், வாயில் சிரிப்பு இருக்கும்.

இந்த டக் டக் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய இளைய மகள் கோப். கோப் என்றால் தவளை. பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியும் அவளும் பேசிவைத்துப் பிரிந்தார்கள். கணக்கு வாத்தியார் நாற்காலியில் பலாப்பால் பூசியது யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. கோப்பைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது என்பதை மட்டும் கண்டுபிடித்தார்கள். இப்போது அவளும் வழிகாட்டி. அப்பா முன்னே, அவள் கடைசி ட்யூபில். அப்பா லாவோ மொழியில் சொல்வதை அவள் இங்கிலீஷில் சொல்வாள். அவர் ஐந்து நிமிஷம் சொன்னதை அவள் ஐந்து வார்த்தையில் சொல்வாள். மீதி நேரம் மிச்சம்.

அந்த ஜனவரி மாதம் தொங்தாம் பத்து நாளாகக் குகைக்குள் தனியாகவும் பேசிக்கொண்டிருந்தார். அவர் தம்பி மகன் வோங்பெட்டுக்கு, ஆற்றுக்கு அக்கரையில் தாதொன் ஊரில் பெண் எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் போனால் பெண் வீட்டார் வாசலில் வெள்ளிச் சங்கிலியைக் குறுக்கே பிடித்து நிறுத்துவார்கள். இரண்டு பக்கத்திலும் ஒரு வாயாடி நின்று பேசித்தான் சங்கிலி இறங்கும். நாசொங் பக்கத்து வாயாடி தொங்தாம், தாதொன் பக்கத்து வாயாடி ஒன்சி பெரியம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே போல ஒரு வாசலில் தொங்தாம் முக்கால் மணி நேரம் மாப்பிள்ளையின் பெருமையைப் பேசினார். ஒன்சி பெரியம்மா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, உங்க மாப்பிள்ளைக்குப் பேச வருமா?" என்றாள். தொங்தாம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவை. அரிசிச் சாராயம் பன்னிரண்டு கிண்ணம் தண்டமாக ஊற்றித்தான் உள்ளே போக முடிந்தது. அந்தக் கதை இன்னும் ஆற்றின் இரண்டு கரையிலும் நடமாடுகிறது.

"நாளைக்குக் கல்யாணத்துல பாரு," என்று அன்று காலை கயிற்றைச் சரிபார்த்தபடி கோப்பிடம் சொன்னார். "அந்தக் கிழவி சங்கிலியைக் கீழே போட்டுட்டு என் காலைத் தொட்டுக் கும்பிடல, நான் தொங்தாம் இல்ல."

"அப்ப வேற என்ன பேர் வைக்கிறதுன்னு இப்பவே யோசிச்சு வைக்கிறேன்பா."

அன்றைக்கு வந்தது நெதர்லாந்துக் குடும்பம். அப்பா யோஸ்ட், அம்மா மரீட், ஒன்பது வயது மகள் ஃபென்னா. யோஸ்ட்டைப் படைத்தவர் எங்கே நிறுத்துவது என்று மறந்துவிட்டார். ட்யூபில் உட்கார்ந்தால் அவர் கால் முன் ட்யூபில் இருப்பவர் தோளில் இருந்தது. கொட்டகையில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகள் பதினான்கையும் படித்துவிட்டு அவர் கேள்வி கேட்டார்.

"உள்ளே இருக்கும்போது மழை வந்தா?"

கோப் அப்பாவிடம் கேட்டாள். தொங்தாம், ஜனவரியில் மழை பெய்யாது என்பதையும், பெய்தால் தவளைகள் முதலில் சொல்லும் என்பதையும், தவளைகளில் நம்பத்தகுந்தது எது என்பதையும் விளக்கினார்.

"மழை வெளியிலதான் பெய்யும்," என்றாள் கோப் யோஸ்ட்டிடம்.

"பாம்பு?"

"இருக்கு. ஆனா அதுக்கு நீச்சல் பிடிக்காது."

"அப்பா, போதும், வா," என்று ஃபென்னா அவரை ட்யூபோடு இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

தண்ணீர் ஐஸ். குகை வாசல் தாழ்வு. மல்லாந்து படுத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். யோஸ்ட்டின் மூக்கு கூரையில் உரசியது. மரீட் கயிற்றைப் பிடித்து, பிறந்ததிலிருந்து ட்யூபில்தான் வளர்ந்தவள் மாதிரிப் போனாள். தொங்தாம் வழியில் இருந்த பாறையை எல்லாம் அறிமுகப்படுத்தினார். இது யானையின் பின்புறம், இது ஊர்த்தலைவரின் மூக்கு, இது என் மாமியார் கோபப்பட்டபோது. குளிரில் பல்செட் வேறு தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

மணல் திட்டு வந்தது. இறங்கினார்கள். விளக்குகள் அணைந்தன.

கோப் பல நாளாக ஒரு திட்டம் வைத்திருந்தாள். ஒன்பது வருஷமாக ஊர் உலகத்தையே பயமுறுத்துகிறவரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பயமுறுத்திப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அன்று முதல் சுற்று டக் டக் முடிந்தது. ஃபென்னா கிறீச்சிட்டாள். அப்பா பல்லைப் பாறை விளிம்பில் வைக்கும் சின்னச் சத்தமும், ஃபிளாஸ்க் மூடி திறக்கும் சத்தமும் கேட்டன. கோப் கையை நீட்டினாள். பல் கிடைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது, அதைப் பற்றி அவள் மேலே யோசிக்க விரும்பவில்லை. இரண்டடி சுற்றிப்போய் அப்பாவின் வலது காதோரம் ஒரு கூழாங்கல்லில் தட்டினாள்.

டக். டக். டக்.

"ஐயோ அம்மா!" என்று தொங்தாம் குதித்தார்.

இதுவரைக்கும் திட்டம் அருமை. ஆனால் வழிகாட்டியே அலறினால் அது விளையாட்டு இல்லை என்று யோஸ்ட் முடிவு செய்தார். பதினான்கு விதிகளில் எழுந்து ஓடு என்று ஒன்று இல்லை, அவராகச் சேர்த்துக்கொண்டார். எழுந்தார். ஹெல்மெட் கூரையில் 'டங்' என்றது. அங்கிருந்து கீழே வரும் வழியில் கையில் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது கோப்பின் தோள். யோஸ்ட், கோப், இரண்டு ட்யூப், ஒரு ஃபிளாஸ்க் எல்லாம் சேர்ந்து தண்ணீரில் விழுந்தன.

கோப் மேலே வந்தபோது கை காலி.

விளக்கு எரிந்தது. தொங்தாமின் கை பாறை விளிம்பைத் தடவியது. இன்னொரு தடவை தடவியது. பிறகு அதே கையால் வாயை மூடிக்கொண்டார்.

"தாத்தாவுக்குப் பல் இல்ல!" என்றாள் ஃபென்னா, விளக்கை நேராக அவர் முகத்தில் அடித்து.

"ஃபென்னா!" என்றாள் மரீட். அப்புறம் கோப்பிடம் திரும்பி, "எங்கப்பாவும் இப்படித்தான். அவர் பல்செட்டைக் கடல்ல அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு வாரம் சூப்புதான் குடிச்சார். எங்கே விழுந்துச்சு, சொல்லு. நானும் ஃபென்னாவும் கரையோரம். யோஸ்ட், நீ ஆழத்துல பாரு."

தேடினார்கள். யோஸ்ட் பயத்தை எங்கேயோ தண்ணீருக்கடியிலேயே விட்டுவிட்டு வந்தவர் மாதிரித் தேடினார். கோப்புக்குக் கழுத்தளவு இருந்த இடம் அவருக்கு இடுப்பளவு. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, காலால் துழாவி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒரு கறுப்புக் கண்ணாடி. ஒரு ஸ்பூன். ஒரு இடதுகால் செருப்பு. இன்னொரு இடதுகால் செருப்பு. தொங்தாமின் ஃபிளாஸ்க். எல்லாரும் இறங்கி நடந்ததில் தண்ணீர் கலங்கித் தேநீர் மாதிரி ஆகிவிட்டது. பல் மட்டும் இல்லை.

தொங்தாம் திட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்தியபடி இருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் பார்த்ததைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கோப்பை மட்டும் கிட்டே கூப்பிட்டார்.

"நாளைக்கு வாஷல்ல," என்றார். "ஒன்ஷி கேட்டா நான் என்ன ஷொல்வேன்?"

அவ்வளவுதான் சொன்னார். இவ்வளவு சின்னதாக அவர் பேசிக் கோப் கேட்டதே இல்லை. நான்தான் எடுத்தேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். "வீட்டுக்குப் போய் அம்மாவோட மீன் வலையை எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு ட்யூபில் ஏறிக் கயிற்றை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அம்மாவின் வலை, மூங்கில் சட்டத்தில் கட்டிய முக்கோண வலை. ஓடை ஓரத்தில் இறால் அள்ளுவது. கோப் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, முகம் வெளுத்து, அதைத் தூக்கிக்கொண்டு குகை வாசலுக்கு ஓடினாள். வாசலில் வாழைப்பழம் சுட்டு விற்கிற பெங் அத்தை பார்த்தாள். பார்த்தவள் விசிறியைக் கீழே போட்டாள்.

குகைக்குள் இருக்கும் மீன் மலைக்குச் சொந்தம். அதை நாசொங்கில் ஒருத்தரும் பிடிப்பதில்லை. அப்படியிருக்க ஒருத்தி வலையோடு உள்ளே ஓடினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம். மனுஷன் உடம்பில் முப்பத்திரண்டு உயிர் உண்டு. பயந்தாலோ விழுந்தாலோ அதில் ஒன்று கழன்று அங்கேயே தங்கிவிடும். அதை வலை போட்டு அள்ளிக் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும்.

"செங்மணி!" என்று பெங் அத்தை போட்ட சத்தம் ஒலிபெருக்கி இல்லாமலே ஊர்க்கோடிக்குப் போனது. "ஏ செங்மணி! உன் புருஷனுக்கு உயிர் விழுந்துடுச்சு!"

கோப் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க வேண்டியிருக்கும்.

அவள் உள்ளே வந்து வலையால் நாலு தடவை அள்ளுவதற்குள், வளைவில் மெழுகுவத்தி வெளிச்சம் தெரிந்தது. கோப்பின் அம்மா செங்மணி முதல் ட்யூபில் வந்தாள். பாவாடை முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தது. தலைக்கு மேலே இரண்டு கையாலும் தாம்பாளம். அதில் ஒட்டரிசிச் சோறு, அவித்த முட்டை, வாழைப்பழம், வெள்ளை நூல், தொங்தாமின் சட்டை. இரண்டு கையும் தாம்பாளத்தில் இருந்ததால் பின்னால் இருந்த பெங் அத்தை காலால் அவள் ட்யூபைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதற்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள், ஆளுக்கொரு ட்யூபில், தெருவில் நடப்பது போலப் பேசிக்கொண்டு.

"ஏங்க," என்றாள் செங்மணி. "என்னாச்சு? பேசுங்க."

தொங்தாம் பெங் அத்தையைப் பார்த்தார். மற்ற பெண்களைப் பார்த்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"பாத்தியா!" என்று பெங் அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "பேசலை! தொங்தாம் பேசலை! ஒண்ணு இல்லடி, அஞ்சாறு உயிர் போயிருக்கும்!"

"முப்பத்திரண்டும் போயிருக்கும்," என்றாள் இன்னொருத்தி. "உடம்பு மட்டும் உட்காந்திருக்கு."

செங்மணி புருஷனின் முகத்தருகே மெழுகுவத்தியைக் கொண்டுபோனாள். மேல் உதடு உள்ளே போயிருந்தது. அவள் அந்த உதட்டைப் பார்த்தாள். கலங்கிய தண்ணீரைப் பார்த்தாள். வலையோடு நிற்கும் கோப்பைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, "ஆமா, உயிர்தான் விழுந்திருக்கு," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "வலையைக் குடு."

யோஸ்ட் என்ன நடக்கிறது என்று கேட்டார். கோப் சொன்னாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். மரீட் ஃபென்னாவின் ஹெல்மெட்டையும் கழற்றினாள்.

செங்மணி இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை இறக்கினாள்.

"வாங்க, தொங்தாமோட உயிரே, வாங்க. இருட்டுல இருக்காதீங்க. வௌவாலோட இருக்காதீங்க. மீன் கூட்டத்தோட போயிடாதீங்க. வீட்டுல சோறு இருக்கு, முட்டை இருக்கு. உங்க சட்டை துவைச்சு வெச்சிருக்கு. நீங்க பேசாம வீடு வீடா இல்ல. கோழிகூட மேயாம நிக்குது. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

வீட்டில் அவள் இப்படிப் பேசுவதில்லை. வீட்டில், கொஞ்சம் வாயை மூடுங்க என்பதுதான் அதிகம். தொங்தாம் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப் மணல் திட்டின் ஓரத்தில் நின்றாள். அந்த இடத்தில் குகைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். அவள் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்து உதட்டுக்கு இறங்கியது. உப்புக் கரித்தது. மலை சுண்ணாம்புக் கல் என்பதால் இருக்கும்.

முதல் தடவை வலையில் வந்தது ஒரு இலை. "இது இல்ல," என்றாள் செங்மணி. இரண்டாம் தடவை, மூன்றாவது இடதுகால் செருப்பு. மூன்றாம் தடவை வலையைப் பாறைக்கடியில் விட்டு, சேறோடு நன்றாக வழித்து மேலே தூக்கினாள். சேறு வடிந்தது. இரண்டு இறால் துள்ளின. அவற்றுக்கு நடுவில், ஐந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில், தொங்தாமின் மேல்வரிசைப் பல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செங்மணி தாம்பாளத்திலிருந்த சட்டையை வலையின் மேல் போட்டு மூடினாள். "கிடைச்சாச்சு உயிர்!" என்றாள்.

"வாங்க உயிரே, வாங்க!" என்று மற்றவர்கள் சேர்ந்து கத்தினார்கள். யோஸ்ட்டும் கத்தினார், அவர் மொழியில் எதையோ.

தொங்தாம் சட்டை மூட்டையை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். கொஞ்சம் தண்ணீர்ச் சத்தம். திரும்பியபோது நிமிர்ந்து நின்றார். "எனக்கு என்ன தோணுதுன்னா," என்று ஆரம்பித்தார். "இந்த உயிர்ங்கிறது இருக்கே, அது எங்க பாட்டன் காலத்துல..."

"வந்துடுச்சு," என்றாள் பெங் அத்தை. "முழுசா வந்துடுச்சு."

அங்கேயே முட்டையை உரித்துக் கொடுத்தார்கள். வந்த உயிர் மறுபடி கழன்றுவிடாமல் இருக்க எல்லாரும் அவர் மணிக்கட்டில் நூல் கட்டினார்கள். பெங் அத்தை யோஸ்ட்டைக் குனியச் சொல்லி அவருக்கும் மூன்று நூல் கட்டினாள். "இத்தனை உயரத்துலேருந்து விழுந்திருக்கான். நாலு உயிராவது ஆட்டம் கண்டிருக்கும்." வெளியே போகும்போது கோப்பின் ட்யூபுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டி, நான் பாத்த உயிருக்கு ஈறு இருந்துச்சே?"

"எல்லா உயிருக்கும் இருக்கும் அத்தை."

"எனக்குத் தெரியாது பாரு," என்றாள் பெங் அத்தை. ஒன்பது வருஷமாகத் தெரியாமல் இருந்தவள். ஆனால் மற்ற மூன்று பெண்களில் ஒருத்தியின் அக்காவைத் தாதொன்னில் கட்டிக்கொடுத்திருந்தது.

மறுநாள் காலை ஊர்வலம் ஆற்றைக் கடந்தது. மத்தளம், பாட்டு, குடைக்குக் கீழே வியர்த்துக்கொண்டு வோங்பெட். நெதர்லாந்துக் குடும்பமும் வந்தது. பெங் அத்தை யோஸ்ட்டுக்குக் கொடுத்திருந்த பட்டுத் துண்டு அவர் மேலே கைக்குட்டை மாதிரி இருந்தது. பெண் வீட்டு வாசலில் வெள்ளிச் சங்கிலி. சங்கிலிக்குப் பின்னால் ஒன்சி பெரியம்மா, வெற்றிலையை மென்றபடி.

தொங்தாம் தொண்டையைச் செருமினார். ஒன்சி பெரியம்மா விடவில்லை.

"நில்லு நில்லு. மாப்பிள்ளை வீட்டு சார்புல பேச வந்தீங்களா, இல்ல பல்லு கில்லு தொலைஞ்சு தேடிக்கிட்டு வந்தீங்களா? எங்க ஊர் ஆத்துல ஒண்ணும் ஒதுங்கலை."

தாதொன் முழுவதும் சிரித்தது. நாசொங்கிலும் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். கோப்புக்கு அப்பாவின் முதுகு தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு நின்ற அதே நிலை.

அப்புறம் அவர் கையை வாய்க்குள் விட்டார். மேல்வரிசையைக் கழற்றினார். இரண்டு ஊருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, சங்கிலியில் மாட்டுகிறவர் மாதிரி ஒன்சி பெரியம்மாவிடம் நீட்டினார்.

"இந்தாங்க பெரியம்மா. தங்கம் வெள்ளி கொண்டு வரலை. இதைப் பிடியுங்க. எங்க பையன் உங்க பொண்ணை ஒரு நாள் அழவெச்சான்னா இதைத் திருப்பித் தராதீங்க. நான் ஆயுஷு முழுக்கப் பேஷாம கிடக்கேன்."

ஒன்சி பெரியம்மா பல்லைப் பார்த்தாள். தொங்தாமைப் பார்த்தாள்.

"நீங்க பேசாமக் கிடக்கிறதா?" என்றாள். "இதைவிடப் பெரிய சீர் எவன் தருவான்!"

சிரித்துச் சிரித்து அவளுக்கு வெற்றிலை புரையேறியது. சங்கிலியை ஒரு முனையில் பிடித்திருந்தவன் சிரிப்பில் கையை விட்டுவிட்டான். சங்கிலி தரையில் விழுந்தது. தண்டக் கிண்ணம் ஒன்றுகூட இல்லாமல் மாப்பிள்ளை உள்ளே போனான். காலைத் தொட்டுக் கும்பிடுவது மட்டும் நடக்கவில்லை. ஆனால் பல்செட்டை ஒன்சி பெரியம்மாவே கிண்ணத் தண்ணீரில் அலசி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். இப்போது தொங்தாம் குகையில் விளக்கை அணைப்பதில்லை. வெளிச்சத்திலேயே கழற்றித் தட்டிக் காட்டுகிறார். அலறல் குறைந்துவிட்டது, சிரிப்பு கூடிவிட்டது.

இதுவரைக்கும்தான் எழுதியிருந்தது. பலகைக்கு முதல் பக்கம் மட்டும் போதும் என்று மீதித் தாள்களைக் கோப் ட்யூப் பம்புக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் தொங்தாம் பம்பை நகர்த்தினார். கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, உதட்டை அசைத்து, ஒரு தாள் விடாமல் படித்தார். கோப் பக்கத்தில் ஏற்கெனவே காற்று நிறைந்திருந்த ட்யூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"கோப், கோப்னு அடுத்த வீட்டுப் பொண்ணைப் பத்தி மாதிரி எழுதியிருக்கே."

"அப்படித்தான் எழுதணும்னு தலைவர் சொன்னார்."

"பல்லை எடுத்தது நீன்னு அன்னைக்கே தெரியும். அந்தச் சத்தம் குகையில ரெண்டு பேருக்குத்தான் போடத் தெரியும். ஒருத்தன் இஞ்சித் தண்ணி குடிச்சிட்டிருந்தான்."

கோப் பம்பை அழுத்தினாள். "அப்புறம் ஏன் கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். இத்தனை தாள் பிடிக்கும்னு தெரியாது." அவர் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. யானை விஷயம்கூட உண்மைதான். இங்க மட்டும் ஒரு தப்பு. பதினோரு வருஷமா அந்தக் குகையில எங்கெங்க சொட்டுதுன்னு எனக்குத் தெரியும். வாசல்ல ரெண்டு இடம், வளைவுல ஒண்ணு. மணல் திட்டு மேல சொட்டவே சொட்டாது."

"அன்னைக்குச் சொட்டுச்சு."

தொங்தாம் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி உப்புக் கரிக்காதும்மா," என்றார்.